சர்க்கரை ஆலையில் நீராவி: ரில்லியூவின் ஆவியாக்கி

வெட்டிய கரும்பு விரைவில் இனிப்பை இழக்கும். எனவே ஆலை வயலோரத்திலேயே இருக்க வேண்டியிருந்தது; சாற்றையும் உடனே காய்ச்ச வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவின் லூசியானாவிலும் வரிசையாக வைத்த திறந்த கொப்பரைகளில்தான் சாறு காய்ச்சப்பட்டது. பெரிய கொப்பரையில் சுண்டிய சாற்றை நீண்ட பிடியுள்ள அகப்பைகளால் அடுத்த சிறிய கொப்பரைக்கு அள்ளி ஊற்றினர். அள்ளியவர்கள் அடிமைகள். கொதிக்கும் பாகு உடலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். விறகும் ஏராளமாகச் செலவானது. அதிக வெப்பத்தில் சர்க்கரையின் ஒரு பகுதி கருகி வீணானது.

காற்றழுத்தம் குறைந்தால் சாறு குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். இதைப் பயன்படுத்தி 1813இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஹோவர்ட் வெற்றிடக் கொப்பரையை உருவாக்கினார். கருகுவது குறைந்தது. ஆனால் சாற்றிலிருந்து எழுந்த ஆவி வீணாகவே போனது.

அந்த ஆவியையே அடுத்த கலத்துக்கு எரிபொருளாக்கியவர் நோர்பர்ட் ரில்லியூ (1806–1894). நியூ ஓர்லியன்சில் வெள்ளையரான தந்தைக்கும் அடிமையல்லாத கலப்பினத் தாய்க்கும் பிறந்து, பாரிசில் கல்வி கற்றவர். அவரது அமைப்பில் மூடிய கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் அழுத்தம் முந்தையதைவிடக் குறைவு. முதல் கலத்தின் ஆவி இரண்டாவதைச் சூடாக்கும், இரண்டாவதன் ஆவி மூன்றாவதை. மூன்று கலங்கள் இருந்தால் ஒரே நீராவி ஏறத்தாழ மூன்று மடங்கு வேலை செய்யும். 1843இலும் 1846இலும் இதற்குக் காப்புரிமை பெற்றார். பால், உப்பு, காகிதத் தொழில்களிலும் இன்று இதே தத்துவம் பயன்படுகிறது.

ரில்லியூ அடிமைகளின் துன்பத்தைக் குறைத்தவர் என்று சிலர் எழுதுவதுண்டு. அது பாதி உண்மைதான். அகப்பை போனது, வெட்டுக்கத்தி போகவில்லை. அதிகச் சாற்றைக் காய்ச்சும் ஆலைக்கு அதிகக் கரும்பு வேண்டும். கருவியை வாங்கியவர்களும் அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளிகளே.

இதற்கிடையே ஐரோப்பாவில் பீட் கிழங்கிலிருந்து எடுத்த சர்க்கரை போட்டிக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகச் சர்க்கரையில் பாதிக்கு மேல் பீட் சர்க்கரையே. விலை சரிந்ததால் சிறிய தோட்ட ஆலைகள் மூடப்பட்டன. கியூபா போன்ற இடங்களில் பல தோட்டங்களின் கரும்பை அரைக்கும் பெரிய மைய ஆலைகள் எழுந்தன.

வயலில் மட்டும் மனிதக் கையே தொடர்ந்தது. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தபின், மொரீசியசுத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் பெருமளவில் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் தமிழரும் இருந்தனர். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பரில் நாட்டால் சென்றடைந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துத்தான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில்கூட, கையால் கரும்பு வெட்டுவது ஏறத்தாழ முற்றிலும் மறைந்தது 1970களில்தான்.