செயற்கை இடுப்பு மூட்டின் விலையும் பயனும்: ஒரு வரலாற்று நோக்கு

தேய்வுற்ற இடுப்பு மூட்டை அகற்றிச் செயற்கை மூட்டொன்றைப் பொருத்தும் சத்திரசிகிச்சை, இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் பெரும் பேறுகளுள் ஒன்றாகும். நோவினால் முடங்கிக் கிடந்தோர் பலரை அது நடமாட வைத்தது. ஆயினும், எவ்வகை மூட்டினைப் பொருத்துவது, அதற்கு எவ்வளவு செலவிடுவது என்னும் வினாக்களுக்கு விடை எளிதிற் கிடைத்திலது. இவ்வகையில் பிரித்தானியரின் அனுபவம் ஆராயத்தக்கது.

1938ஆம் ஆண்டில் இலண்டனிலே பிலிப் வைல்ஸ் என்பார் துருவேறா உருக்கினாலான மூட்டுக்களைச் சில நோயாளருக்குப் பொருத்தினார். அம்முயற்சி பரவலான வழக்காகவில்லை. 1950களின் இறுதியில், லங்காஷயரிலுள்ள றைற்றிங்டன் வைத்தியசாலையிற் பணியாற்றிய யோன் சாண்லி, உராய்வைக் குறைப்பதே வெற்றிக்கு வழியெனக் கண்டார். சிறிய உருக்குத் தலை, பிளாத்திக்குக் கிண்ணம், இரண்டையும் என்போடு பிணைக்கும் அக்கிரிலிக்குச் சீமெந்து என்பன அவரது மூட்டின் கூறுகளாம். முதலிற் கையாண்ட ரெப்லோன் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்தன; தேய்வுத் துகள்கள் சுற்றியிருந்த இழையங்களைப் பாதித்தன; நோயாளர் பலர் மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உட்பட நேர்ந்தது. 1962 நவம்பரில் அவர் பொலியெதிலீன் கிண்ணத்துக்கு மாறிய பின்னரே இச்சிகிச்சை உறுதியான அடித்தளம் பெற்றது.

சாண்லியின் மூட்டை ஒத்ததாகவும் அதனினும் விலை குறைந்ததாகவும் திரீ எம் நிறுவனம் 1991இல் கப்பிற்றல் என்னும் மூட்டினைச் சந்தைப்படுத்தியது. ஏறத்தாழ 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டது. அம்மூட்டுக்கள் எதிர்பார்த்ததிலும் விரைவாகத் தளர்ந்தமையால், 1998இல் அரசாங்க எச்சரிக்கை விடுக்கப்பட்டது. வாங்கும்போது மிஞ்சிய பணம், மறு சத்திரசிகிச்சைகளுக்குச் செலவாயிற்று. நோயாளர் பட்ட துன்பமோ கணக்கில் அடங்காது. சுவீடன் 1979 முதல் இடுப்பு மூட்டுப் பதிவேட்டினைப் பேணிவந்தது. பிரித்தானியாவில் அத்தகைய தேசியப் பதிவேடு அப்போது இருக்கவில்லை. 2003இலேயே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தரவுகள் திரட்டப்படலாயின.

மலிவு மட்டுமே ஏமாற்றவில்லை; புதுமையும் ஏமாற்றியது. உலோகத்தோடு உலோகம் உராயும் ஏ.எஸ்.ஆர். மூட்டினை டெபியூ நிறுவனம் 2003இல் அறிமுகஞ் செய்தது. உலகெங்கும் ஏறத்தாழ 93,000 மூட்டுக்கள் பொருத்தப்பட்ட பின், 2010இல் அது மீளப்பெறப்பட்டது. கோபாற்று, குரோமியம் ஆகியவற்றின் துகள்கள் இழையங்களைச் சிதைத்தமையே அதன் பெருங்குறை. அவுஸ்திரேலியப் பதிவேட்டின் புள்ளிவிவரங்கள் இக்குறையை முன்னரே உணர்த்தியிருந்தன.

செலவையும் பயனையும் ஒருங்கே நிறுத்த ஆய்வொன்று 2013இல் பிரித்தானியாவில் வெளிவந்தது. சீமெந்து மூட்டுக்களே செலவிற் குறைந்தவை. கிண்ணத்தைச் சீமெந்தின்றியும் தண்டினைச் சீமெந்தோடும் பொருத்தும் கலப்பு மூட்டுக்கள், பெரும்பாலான நோயாளர் பிரிவினருக்குச் செலவுக்கேற்ற பயனை மிகுதியாய் அளித்தன. முற்றாகச் சீமெந்தின்றிப் பொருத்துவன, தம் மேலதிக விலைக்கு ஈடான நன்மையைத் தரவில்லை. ஆயினும் அவ்வகையே அக்காலத்தில் இங்கிலாந்திற் பெருகியிருந்தமை சிந்தனைக்குரியது.

மூட்டின் உண்மை விலையை அதன் விலைச்சிட்டை கூறுவதில்லை. பத்து, இருபது ஆண்டுகளின் பின் பதிவேடே கூறுகின்றது. பதிவேடில்லாத நாட்டில் அவ்விலையை நோயாளியின் உடலே செலுத்துகின்றது என்பது இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.