பழைய படகுகளுக்கு மெருகேற்றல்

வெயிலிலும் உப்புநீரிலும் பல்லாண்டு கிடந்து ஒளி மங்கிய படகின் புறத்தோலை, அராவுந் தன்மையுள்ள பொருள்களால் சிறிது சிறிதாகத் தேய்த்து, அதனடியில் இன்னும் கெடாதிருக்கும் பாகத்தை வெளிக்கொணர்ந்து, அதன்மேல் மெழுகிட்டுக் காக்கும் தொழில் படகு மெருகேற்றல் எனப்படும். மரம், அலுமினியம், கண்ணாடியிழை ஆகிய மூவகைப் படகுகளுக்கும் மெருகு உண்டெனினும், மரப்படகில் வார்னிஷ் மேன்மேலும் ஏற்றப்படுகிறதேயன்றித் தேய்த்து எடுக்கப்படுவது சொற்பம். மிச்சிகன் மாகாணத்து அல்கோனாக்கில் கிறிஸ்-கிராஃப்ட் நிறுவனத்தார் கட்டிய பழைய மஹாகனி விசைப்படகுகளில் இன்றும் முகம் பார்க்க முடிகிறதென்றால், அது பருவந்தோறும் ஏறிய வார்னிஷின் புண்ணியமே. அலுமினியத்தை மினுக்குவது வேறொரு தொழில். ஆதலின் இங்குக் கூறப்படுவன யாவும் கண்ணாடியிழைப் படகைப் பற்றியனவாம்.

கண்ணாடி நூலையும் பாலியெஸ்டர் பிசினையும் சேர்த்துப் படகு வார்க்கும் முறை அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தலையெடுத்தது. ஒஹையோ மாகாணத்து டொலீடோவில் ரே கிரீன் என்பவர் 1942-இல் செய்த சிறு பாய்ப்படகு அவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. ஆயினும் குடும்பத்தோடு தங்கிச் செல்லத்தக்க பாய்ப்படகுகள் அச்சிலிருந்து வரிசை வரிசையாக வெளிவரும் காலம் பிறந்தது, ரோட் ஐலண்டு மாகாணத்து பிரிஸ்டலில் கிளின்டன் பியர்சன், எவரெட் பியர்சன் என்னும் ஒன்றுவிட்ட சகோதரர் இருவர், கார்ல் ஆல்பர்க் வரைந்து கொடுத்த 28 அடி டிரைட்டனை 1959-ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் கொண்டு நிறுத்திய பின்னரே எனலாம். ஏறத்தாழ 700 டிரைட்டன்கள் கட்டப்பட்டன. மரத்தைப் போல் இது உளுக்காது, வெடிக்காது, ஆண்டுதோறும் வண்ணம் கேட்காது என்ற நம்பிக்கை அக்காலத்தில் பலமாயிருந்தது. உளுக்காது என்பதும் வெடிக்காது என்பதும் பெரும்பாலும் மெய்யாயின. மூன்றாவது நம்பிக்கை பொய்த்த இடத்திலேதான் மெருகேற்றுபவருக்கு வேலை பிறந்தது. உடல் இரும்பு போலிருக்க, நிறம் மட்டும் செத்துப்போன அக்காலத்துப் படகுகள் பல, நியூ இங்கிலாந்தின் படகுத் துறைகளில் குளிர்காலம் முழுவதும் கரையேறிக் கிடந்து, வசந்தத்தில் நீரிலிறங்குமுன் தேய்ப்புக்குக் காத்து நிற்கின்றன.

இப்படகின் உடல் வெளியிலிருந்து உள்நோக்கிக் கட்டப்படுவது. கண்ணாடிபோல் மினுக்கி மெழுகிட்ட அச்சின் உட்புறத்தில், நிறமி கலந்த பாலியெஸ்டர் பிசினை அரை மில்லிமீட்டர் அளவுக்கு முதலில் தெளிக்கின்றனர். ஜெல்கோட் என்பது இதுவே. அது இறுகும் தறுவாயில் அதன்மேல் கண்ணாடியிழைப் பாய்களையும் பிசினையும் அடுக்கடுக்காக இட்டு, யாவும் கெட்டியான பின் அச்சிலிருந்து பெயர்த்தெடுக்கின்றனர். ஆகவே புதுப்படகில் நாம் காணும் பிரகாசம், அச்சினிடம் கடன் வாங்கிய பிரகாசமேயாம். அதற்குச் சத்துரு சூரியன். புறஊதாக் கதிர்கள் பிசினின் மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுக்கின்றன. வெண்மைக்கெனச் சேர்த்த டைட்டானியம் டை ஆக்ஸைடும் அக்கதிரை உறிஞ்சித் தன்னைச் சூழ்ந்த பிசினையே அழிக்கத் துணைபோகிறது. நிறமித் துகளுக்குச் சிலிக்கா, அலுமினாப் போர்வை இட்டு உற்பத்தியாளர் இத்தீமையைக் குறைப்பரேனும் முற்றும் நீக்குவதில்லை. பற்றியிருந்த பிசின் போகவே, நிறமி பற்றுக்கோடின்றி மாவாக உதிர்கிறது. கரும்பச்சை, கருநீலம் முதலிய அடர்ந்த நிறங்களில் இந்த நரை முந்தித் தெரியும். வெள்ளையிலோ படகு பாதி கெட்ட பின்னும் உடையவர் அறியாதிருப்பதுண்டு.

ஒரு பரப்பு பளபளப்பதும் மங்குவதும் அதன் மேடுபள்ளங்களின் அளவைப் பொறுத்தன. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை; பரப்பிலுள்ள ஏற்றத்தாழ்வுகள் அதனினும் வெகு சிறியவாயின் ஒளி ஒரே திசையில் திரும்பிப் பிம்பம் காட்டும், பெரியவாயின் நாலாபுறமும் சிதறி வெளுப்பாகத் தோன்றும். மங்கிய படகின்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் இத்தத்துவம் பிரத்தியட்சமாகும்: நீர் அந்தச் சூட்சுமப் பள்ளங்களை நிரப்பியதும் பூர்வ நிறம் ஆழத்தோடு எழுந்து வருகிறது, உலர்ந்ததும் மறைகிறது. நனைந்தபோது நிறம் திரும்பும் படகு மெருகுக்கு இசையும் என்றும், நனைந்தும் திட்டுத் திட்டாக நிற்பது தேய்ப்புக்கு அப்பாற்பட்டது என்றும் தொழிலறிந்தோர் கொள்வர். பழைய படகை வாங்கச் செல்பவர், அது எண்ணெய் தடவப்பட்டு நிற்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்ப்பதும் இக்காரணம் பற்றியே.

புளியிட்டுத் துலக்கிய பித்தளைக் குத்துவிளக்கு எத்தனை தலைமுறை துலக்கினும் உள்ளும் புறமும் பித்தளையாகவே இருப்பதுபோல், படகும் இருக்குமென எண்ணித் தேய்ப்பவர் ஏமாறுவர். அந்த அரை மில்லிமீட்டரே படகின் முழு ஆஸ்தி. ஒவ்வொரு தேய்ப்பும் அதிலிருந்து எடுக்கும் செலவு. இதை மனத்திற் கொண்டவர் மிக மென்மையான மருந்தைப் படகின் பின்புறத்தில் ஒரு சாண் சதுரத்தில் இட்டு, அது போதாதென்று கண்ட பின்னரே அடுத்த வன்மைக்குச் செல்வர். அவசரக்காரர் எடுத்த எடுப்பில் முரட்டுத் தாளில் தொடங்குவர்.

முதற்காரியம் கழுவுதல். உப்பும் மணலும் ஒட்டியிருக்கத் தேய்த்தால் அவையே கீறலுக்குக் கருவியாகும். சோப்புநீர் பழைய மெழுகை முற்றும் போக்காதாகையால், கரைப்பானில் நனைத்த துணியால் ஒரு திசையில் துடைத்து, துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். பழுப்புக்கறைக்கும் துருக்கறைக்கும் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த குழம்பு கைகண்ட மருந்து. வர்ஜீனியா, வட கரோலினா எல்லையிலுள்ள டிஸ்மல் சதுப்பு நிலக் கால்வாய் வழியே செல்லும் படகுகளுக்கு, தாவரச் சாற்றால் தேநீர் நிறங்கொண்ட அந்நீர் முகப்பில் பழுப்பு மீசை வரைந்து விடுவது பிரசித்தம். அம்மீசையைத் தேய்த்துப் போக்க முயல்வது வீண் செலவு. அமிலக் குழம்பைப் பூசிச் சில நிமிஷம் விட்டுக் கழுவினால் தானே அகன்றுவிடும். கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

வெண்தூள் ஆழப் படிந்த படகுக்கு மட்டுமே நீர்விட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் வேண்டும். சாதாரணமாக 1000-ஆம் எண் தாளில் தொடங்கி 1500, 2000 என ஏறுவர். மிகக் கெட்டதற்கு 800 அல்லது 600. ஐரோப்பிய அளவையில் 1000-ஆம் எண்ணின் துகள் ஏறக்குறைய 18 மைக்ரோமீட்டர், 2000-ஆம் எண்ணுடையது ஏறக்குறைய 10. ஒவ்வொரு தாளின் வேலையும் தனக்கு முந்திய தாளின் கீறலை அழிப்பதே. ஆதலால் முதல் தாளைக் கிடையாக இழுத்தவர் அடுத்ததைக் குறுக்காக இழுப்பர், பழைய கீறல் எஞ்சியிருப்பின் காட்டிக்கொடுக்கும்படி. தாளை வெறும் விரலால் அழுத்தினால் விரல்பட்ட இடம் குழியும். ரப்பர்க் கட்டையில் சுற்றிப் பிடித்தல் நலம்.

இதன்பின் வருவது ரப்பிங் காம்பவுண்டு. அலுமினியம் ஆக்ஸைடு போன்ற கடினத் துகள்களைப் பசையில் கலந்து செய்த இக்களிம்பை ஆட்டுரோமத் திண்டு பொருத்திய சுழல் இயந்திரத்தால் பரப்புவர். நிழலும் குளிர்ந்த பரப்பும் வேண்டும். உச்சிவெயிலில் பசை காய்ந்து படகோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டடிச் சதுரத்துக்கு மேல் ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளலாகாது. களிம்பை முதலில் பரப்பின்மேல் புள்ளியாக வைத்து, இயந்திரத்தைச் சுழலவிடாமலே திண்டால் பூசி, பின்னரே மெதுவான வேகத்தில் ஓட்டத் தொடங்குவர். அன்றேல் அது தேய்ப்பவர் முகத்திலும் பக்கத்துப் படகிலும் தெறிக்கும். திண்டைச் சற்றே சாய்த்து, எடை முழுதையும் ஏற்றாமல், ஒரு வரியின் பாதியை அடுத்த வரி மூடுமாறு நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் நின்றால் சூடேறும். சூடேறினால் பிசின் மஞ்சளித்துக் கருகும். மேல்தளத்தின் விளிம்பிலும் பின்பலகையின் மூலையிலும் ஜெல்கோட் மெலிந்திருப்பதோடு அழுத்தமும் அங்கேயே குவிவதால், அவ்விடங்களில் நாடா ஒட்டி மறைத்துவிட்டுப் பிற்பாடு கையால் தேய்ப்பது விவேகம். திண்டு விளிம்பினின்று வெளிப்புறமாகச் சுழல வேண்டுமேயன்றி விளிம்பின்மேல் ஏறுமாறு சுழலலாகாது. ஏறினால் இயந்திரம் உதைக்கும். தேய்த்தெடுத்த நிறமியும் உலர்ந்த களிம்பும் ரோமத்தில் அப்பிக் கெட்டிப்படும்போது, பற்சக்கரம் போன்ற ஒரு கருவியால் வாரிவிடுவர். மின்கம்பி பரப்பில் இழுபடாமல் தோள்மேல் கிடக்க வேண்டும் என்பது சிறிய விஷயமாகத் தோன்றும். கருநீலப் படகில் கம்பி உரசிய கோட்டைக் கண்டவர் அவ்வாறு கருதார்.

ரோமத்திண்டு பிரகாசத்தைத் தரும், கூடவே வட்ட வட்டமான நுண்கீறல்களையும் விட்டுச் செல்லும். நேர்வெளிச்சத்தில் தெரியாத அவை, மாலைச் சூரியனோ கைவிளக்கோ சாய்வாகப் பட்டவுடன் சிலந்திவலைபோல் வெளிப்படும். அதை நீக்கவே நுரைத்திண்டும் அதனினும் நுண்ணிய பாலிஷும். சுழல்வதோடு அசையவும் செய்யும் இரட்டைச் செயல் இயந்திரம் இக்கட்டத்தில் பாதுகாப்பானது. மெழுகு கடைசியில். அதுவே இத்தொழிலில் படகுக்குச் சேர்க்கப்படும் ஒரே பொருள். வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையினின்று எடுக்கும் கார்னௌபா மெழுகு, இயற்கை மெழுகுகளுள் மிகக் கடினமானது. 80 பாகை சென்டிகிரேடுக்கு மேல்தான் உருகும். எனினும் வெயிற்கடுமை மிக்க துறையில் அது சில மாதமே தாங்குமாதலால், ஆண்டுக்கு இருமுறை மெழுகிடுவது பல ஆண்டுகளுக்கு ஒருமுறை காம்பவுண்டிடுவதைத் தள்ளிப்போடும். துடைத்துப் பூசினால் போதும் எனக் கடைகளில் விற்கும் அக்ரிலிக் திரவங்கள் அன்றே கண்ணாடிபோல் காட்டும். உண்மையில் அவை தண்ணீர் செய்த வித்தையைச் சற்று நீட்டுவனவே. சில பருவங்களில் மஞ்சளித்து உரியும்போது அவற்றை அகற்றும் சிரமம், முதலில் தேய்த்திருந்தால் ஏற்பட்டிருக்கும் சிரமத்தினும் பெரிது.

மெருகு தீர்க்காத நோய்கள் உண்டு. நீரில் நெடுங்காலம் ஊறி எழும் கொப்புளங்களும், தாங்குதூண் அடிகளைச் சுற்றிய சிலந்தி வெடிப்புகளும் வேறு சிகிச்சைக்குரியன. நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே பாசி தடுக்கும் வண்ணம் இருப்பதால் அங்கு மெருகுக்கு இடமில்லை. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் பெருகிய ஃபைபர் படகுகளோ நாள்தோறும் மணலில் இழுபடுவன. அவற்றுக்கு அடிப்பகுதியின் ஒட்டுவேலையே முதற்கவலை, மினுக்கு அன்று.

நிறம் மெலிந்து கண்ணாடியிழையின் நெய்தல் நிழலாகத் தெரியத் தொடங்கிய படகில் தேய்ப்பை நிறுத்தி, இருகூறு பாலியூரித்தேன் வண்ணம் பூசுவர். ஆல்கிரிப் முதலிய அவ்வகை வண்ணங்களில் பளபளப்பைத் தருவது மேற்பரப்பில் திரளும் தெளிந்த பிசின்படலமாகையால், ஜெல்கோட்டுக்குரிய காம்பவுண்டை அவற்றின்மேல் பிரயோகித்தால் அப்படலம் கிழிந்து முன்னிலும் விரைவாக மங்கும். அவற்றை மென்மையான சோப்புநீரால் கழுவுவதோடு நிறுத்திக்கொள்வதே முறை.