சாவிக்கொத்தும் ஒற்றைச் சாவியும்

1999இல் சென்னையில் ஒரு கம்பெனியில் சர்வர் ரூமுக்கு நான்தான் பொறுப்பு. விண்டோஸ் என்டி 4 ஓடும் இரண்டு சர்வர், இரைச்சல் போடும் ஒரு ஏசி, ஒரு ஸ்டூல். மாதக் கடைசி வந்தால் மூன்றாவது மாடி அக்கவுண்ட்ஸிலிருந்து போன் வந்துவிடும்: "சார், பிரிண்ட் நின்னுபோச்சு." ஸ்பூலர் என்ற சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓடவிட வேண்டும், அவ்வளவுதான். அரை நிமிஷ வேலை. ஆனால் அதைச் செய்ய அட்மின் வேண்டும்.

ஒரு நாள் லீவு போட வேண்டியிருந்தது. அட்மின் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி அக்கவுண்ட்ஸில் கொடுத்துவிட்டுப் போனேன். பிரிண்ட் நின்றது. பாவம், அந்த மனிதர் பட்டியலில் ஸ்பூலருக்குச் சில வரிகள் மேலே இருந்த டேட்டாபேஸ் சர்வீஸை நிறுத்திவிட்டார். சம்பளப் பட்டியல் பாதியில் தொங்கியது. மறுநாள் திட்டு எனக்கு. நியாயம்தான். உக்கிராண அறையில் உளுந்து எடுக்கக் கேட்டவரிடம், பீரோ சாவியும் நகைப்பெட்டிச் சாவியும் சேர்ந்த கொத்தையே அவிழ்த்துக் கொடுத்தவன் நான்.

இந்தத் தொல்லை எனக்கு மட்டும் வந்ததில்லை என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. யூனிக்ஸில் ரூட் என்று ஒரே எஜமான். அவருக்கு எல்லாம் முடியும். மற்றவர்களுக்கு அவர்களுடைய பொருள் மட்டும். இதில் முதல் விரிசலை உண்டாக்கியவர் பெல் ஆய்வகத்தின் டென்னிஸ் ரிட்சி. ஒரு புரோகிராமை யார் ஓட்டினாலும் அதன் சொந்தக்காரரின் அதிகாரத்தோடு அது ஓடும்படி ஒரே ஒரு பிட் வைத்தார். செட்யுஐடி என்று பெயர். 1973இல் விண்ணப்பித்த பேட்டன்ட் 1979இல் கிடைத்தது. ஆளுக்கு அதிகாரம் கொடுக்காமல் வேலைக்கு அதிகாரம் கொடுக்கிற யோசனை அது. அவரவருக்கு வேலைக்குத் தேவையான அதிகாரம் போதும், அதற்கு மேல் ஆகாது என்பதை 1975இல் சால்ட்ஸரும் ஷ்ரோடரும் தங்கள் கட்டுரையில் ஒரு விதியாகவே எழுதிவைத்தார்கள்.

1980ஐ ஒட்டி, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காகஷால், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவர் ரிட்சியின் அந்த பிட்டை வைத்து சுடோ எழுதினார்கள். இன்னார், இன்ன மெஷினில், இன்ன கட்டளையை மட்டும் ரூட்டாக ஓட்டலாம் என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால் போதும். ரூட் பாஸ்வேர்டு யார் கைக்கும் போகாது. முதல் தடவை பயன்படுத்துகிறவருக்கு அது புத்திமதி வேறு சொல்லும்.

என்டி பக்கம் வருவோம். டிஜிட்டல் கம்பெனியில் விஎம்எஸ் என்ற இயங்குதளத்தைக் கட்டியவர்களில் ஒருவரான டேவ் கட்லர் 1988இல் மைக்ரோசாஃப்டுக்கு வந்தார். 1993இல் என்டி வெளியானது. அதில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனிப் பூட்டு உண்டு. ஓடவிட ஓர் அனுமதி, நிறுத்த ஓர் அனுமதி, இடைநிறுத்த ஓர் அனுமதி என்று தனித்தனியாகப் பிரித்தும் வைத்திருந்தார்கள். யூனிக்ஸ்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய ஏற்பாடு. ஆனால் சர்வீஸ் பட்டியல் காட்டும் ஜன்னலில் அந்தப் பூட்டைத் தொட ஒரு பட்டன்கூட வைக்கவில்லை. ஃபோல்டருக்கு உரிமை கொடுக்க ஜன்னல் இருந்தது, பிரிண்டருக்கு இருந்தது, சர்வீஸுக்கு இல்லை. இன்றைக்கும் இல்லை. உலகம் முழுக்க அலுவலகங்களில் அட்மின் பாஸ்வேர்டு துண்டுச் சீட்டில் சுற்றியதற்குப் பாதிக் காரணம் அந்த இல்லாத பட்டன்தான் என்பேன்.

ரிசோர்ஸ் கிட் என்று தனியாக விற்ற சிடியில் சப்இன்ஏசிஎல் என்ற கருவி கிடைத்தது. சர்வீஸ் பெயர், ஆளின் பெயர், பிறகு டி, ஓ, பி என்று மூன்றெழுத்து: ஓடவிடு, நிறுத்து, இடைநிறுத்து. அதை நான் கற்றுக்கொண்ட அன்று அக்கவுண்ட்ஸில் காபி வாங்கிக் கொடுத்தார்கள்.

விண்டோஸ் 2000 வந்ததும் குரூப் பாலிசியில் ஒரு மூலையில் இதற்கு இடம் கொடுத்தார்கள். கூடவே அனுமதிகளை எழுத்துகளாக எழுதும் ஒரு சங்கேத மொழியும் வந்தது. எஸ்சி எஸ்டிசெட் என்ற கட்டளைக்கு அதுதான் தீனி. அதில் சர்வீஸை ஓடவிட ஆர்பி, நிறுத்த டபிள்யூபி. ஆர்பி என்றால் 'ரீட் பிராப்பர்ட்டி', அதாவது படிக்கும் உரிமை! டபிள்யூபி எழுதும் உரிமை! பல நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். எழுத்துகளை, பயனர்கள், மெஷின்களின் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரிக்காக வகுத்திருக்கிறார்கள். அங்கே படிக்கும் உரிமை இருக்கும் அதே பிட்டில், சர்வீஸ் விஷயத்தில் ஓடவிடும் உரிமை உட்கார்ந்திருக்கிறது. வாடகைக்கு வந்தவர் வீட்டில் பழைய குடித்தனக்காரரின் பெயர்ப்பலகை.

அந்த எழுத்துகளில் பயப்பட வேண்டியது டிசி. சர்வீஸின் அமைப்பை மாற்றும் உரிமை அது. அது கையில் இருந்தால், சர்வீஸ் எந்தப் புரோகிராமை ஓட்டுவது என்பதையே மாற்றி, மெஷின் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். 2006இல் பிரின்ஸ்டனில் சுதாகர் கோவிந்தவஜ்ஹலாவும் ஆண்ட்ரூ ஆப்பலும் இதைத் துருவிப் பார்த்து, விண்டோஸ் எக்ஸ்பியின் சில சர்வீஸ்களில் சாதாரணப் பயனருக்கே இந்த உரிமை போயிருப்பதைக் காட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் அடுத்த மாதமே எச்சரிக்கை வெளியிட்டது. பூட்டு செய்தவர்களுக்கே எந்தச் சாவி யாரிடம் இருக்கிறதென்று பிடிபடவில்லை. எங்களைத் திட்டி என்ன பயன்?

அதற்கு முந்தைய வருஷம் இன்னொரு கூத்து. விண்டோஸ் சர்வர் 2003க்கு முதல் சர்வீஸ் பேக் போட்ட மறுநாள், தன் மேஜையிலிருந்தே ஸ்பூலரை ஓடவிட்டுக்கொண்டிருந்த அக்கவுண்ட்ஸ் பெண்மணிக்கு அனுமதி மறுப்பு வந்தது. ஸ்பூலரில் நான் கொடுத்த உரிமை அப்படியே இருக்கிறது. கடைசியில் பார்த்தால், சர்வீஸ்களையெல்லாம் ஆளும் சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜரில், நெட்வொர்க் வழியாக வரும் சாதாரணப் பயனர்களை உள்ளே விடுவதையே நிறுத்திவிட்டார்கள். கோபுர வாசலில் தடுத்துவிட்டால் சன்னிதி திறந்திருந்து என்ன? பாதுகாப்புக்கு அது சரியான முடிவுதான். முன்கூட்டி உரக்கச் சொல்லியிருக்கலாம். அந்த மேனேஜருக்கும் எஸ்டிசெட் போட்டு, அந்தப் பெண்மணியின் குழுவுக்கு மட்டும் வாசலைத் திறந்துவிட்டேன்.

ஒரு எச்சரிக்கை: எஸ்டிசெட் இருக்கும் அனுமதிகளோடு புதியதைச் சேர்க்காது. இருப்பதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். அட்மினின் வரியை விட்டுவிட்டால் அட்மினே வெளியே நிற்பார். நான் ஒரு தடவை அப்படி நின்றிருக்கிறேன். ஆகவே முதலில், இருக்கும் அனுமதிகளைக் காட்டும் எஸ்டிஷோ கட்டளையைப் போட்டு, வருவதை நோட்பேடில் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு தொடுங்கள்.