அடையாற்றில் ஓர் அன்னை

குழந்தைக்குப் பாடம் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. குழந்தையிடம் பாடம் கேட்பவர் எத்தனை பேர்?

அதைக் கற்பிக்கத்தான் இத்தாலியரான டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். பிரம்மஞான சபைத் தோட்டத்தில் ஏறக்குறைய 300 பேர் பயிற்சிக்குக் கூடினார்கள். குழந்தை தானே செய்யும் காரியத்தில் குறுக்கே விழாமல் கூர்ந்து கவனிப்பதே ஆசிரியரின் முதல் வேலை என்றார் அம்மையார்.

1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. அம்மையார் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்! பயிற்சியில் வலக்கையாக இருந்த மகன் மாரியோவைச் சர்க்கார் காவலில் வைத்தது. ஊரார் பிள்ளைகளுக்காக வந்த தாய், தம் பிள்ளையைப் பிரிந்தார். ஆகஸ்டு 31-ந் தேதி, அவருடைய 70-ஆவது பிறந்த நாளன்று, வைசிராய் மாரியோவை விடுவித்தார்.

1946 வரை அம்மையார் ஊர் திரும்பவில்லை. நம் பாலர் பள்ளிகளில் மணி கோத்து எண்ணும் குழந்தைகளுக்குப் பின்னால் அந்தத் தாயின் காத்திருப்பும் இருக்கிறது.