துளியை உடைக்காத பம்பு

2019 பிப்ரவரியில் மலேசிய அரசு, டீசலில் செம்பனை பயோடீசலின் பங்கை 7 விழுக்காட்டிலிருந்து 10 ஆக உயர்த்தியது. கேமரன் மலை, கெந்திங், குண்டாசாங் ஆகிய மலைப்பகுதிகளுக்கு மட்டும் விலக்கு. அங்கே பழைய 7 விழுக்காடே நீடித்தது. செம்பனை பயோடீசல் 15 பாகை செல்சியஸை ஒட்டிக் கலங்கத் தொடங்கும். தானா ராத்தாவில் இரவுக் குளிர் அந்த அளவுக்கு இறங்குவது வழக்கமே. சமையல் எண்ணெயும் குளிரில் கெட்டியாகும். ஆகவே, தேயிலைத் தோட்டத்துப் பட்டறையில் பழைய சமையல் எண்ணெயிலிருந்து எரிபொருள் தயாரிக்க நினைப்பவர் குளிரையும் கணக்கில் வைத்தே மையவிலக்கிக்கு எண்ணெய் ஊட்டும் பம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பீசாங் கோரெங் (வாழைப்பழப் பஜ்ஜி) கடை எண்ணெயில் தண்ணீரும் மாவுத் துகளும் கலந்திருக்கும். தண்ணீரை நீக்காமல், எண்ணெயைப் பயோடீசலாக்கும் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்தால் சோப்புதான் மிகும். மையவிலக்கியின் வேலை அந்தத் தண்ணீரைப் பிரிப்பது. 10 செ.மீ. ஆரமுள்ள கிண்ணம் நிமிடத்துக்கு 6000 முறை சுழன்றால் புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 4000 மடங்கு விசை கிடைக்கும். ஆனால், நீர்த்துளியின் விட்டம் பாதியாகச் சிறுத்தால் அது பிரியும் வேகம் கால்பங்காகிவிடும். பம்பே துளிகளை நொறுக்கினால் அத்தனை விசையும் வீண். தண்ணீர் பம்பு, கியர் பம்பு ஆகிய இரண்டையும் நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்.

நாற்றங்காலுக்கு நீர் இறைக்கும் சாதாரணத் தண்ணீர் பம்பு மலிவு. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சிறு துகள்களையும் ஓரளவு தாங்கும். ஆனால், அதன் விசிறி நிமிடத்துக்கு 2900 சுற்று அளவில் எண்ணெயைக் கடைகிறது. மையவிலக்கிக்கு வேண்டிய மெல்லிய ஒழுக்கைப் பெற வால்வை நெருக்கினால், அதே எண்ணெய் பம்புக்குள்ளேயே சுழன்று மேலும் கடைபடும். 40 பாகையிலேயே சமையல் எண்ணெயின் பிசுப்பு தண்ணீரைவிட ஐம்பது மடங்குக்கு மேல். காலைக் குளிரில் இந்தப் பம்பு திணறிவிடும்.

கியர் பம்பின் இயல்பு நேர்மாறானது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளும். எண்ணெய் கெட்டியாக இருந்தாலும் அளவு பெரிதாக மாறாது. வேகத்தைக் குறைத்தால் ஒழுக்கும் குறையும். துளிகளும் பெரும்பாலும் உடையாமல் போய்ச்சேரும். ஆனால், இதன் வெளிவழி வால்வை ஒருபோதும் நெருக்கக்கூடாது. அழுத்தம் ஏறிக் குழாய் வெடிக்கலாம். எனவே அழுத்தம் விடுவிக்கும் வால்வு கட்டாயம் வேண்டும். பற்களுக்கிடையே இடைவெளி மிக நுண்ணியது என்பதால் வறுத்த மாவுத் துகள் அதைத் தேய்த்துவிடும். உறிஞ்சும் பக்கம் வடிகட்டி இல்லாமல் ஓட்டவே கூடாது. பித்தளை உடல் வேண்டாம். அதிலுள்ள செம்பு எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும். வார்ப்பிரும்பு போதும்.

என் தேர்வு, மெதுவாக ஓடும் கியர் பம்பு. பீப்பாயிலிருந்து படியவைக்கும் தொட்டிக்கு எண்ணெய் மாற்றத் தண்ணீர் பம்பே போதும். அங்கே கடைபட்டாலும் பிறகு படிய நேரமிருக்கிறது. சரிவான தோட்டத்தில் சூடேற்றிய தொட்டியை உயரத்தில் வைத்துப் பம்பே இல்லாமலும் ஊட்டலாம். துளிக்கு அதைவிட மென்மையான வழியில்லை. எண்ணெயின் சூடு குறையக் குறைய ஒழுக்கும் குறைவதால், கூடவே ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் மெத்தனால் சேர்ப்பதற்கு முந்தைய எண்ணெய்க்கு மட்டுமே. மெத்தனால் மிச்சமுள்ள பயோடீசலை வீட்டு மையவிலக்கியில் விடவே கூடாது. அதன் ஆவி தீப்பற்றும்.

எண்ணெயை 70 பாகை அளவுக்குச் சூடாக்கி, குழாய்க்கும் வெப்பக்காப்பு சுற்றுங்கள். கிண்ணம் முழு வேகம் எட்டிய பிறகே பம்பை ஓட்டுங்கள். நிறுத்தும்போது பம்பை முதலில் நிறுத்துங்கள். இரவுக்கு முன் உறிஞ்சு குழாயில் எண்ணெய் தேங்காமல் வடித்துவிடுங்கள்.