துறந்தாரா, துரத்தப்பட்டாரா? கிள்ளான் அரண்மனையின் மூத்த மகன்



ற-கர, ர-கர வேறுபாட்டை நடத்தும்போது 'கரை, கறை', 'மரம், மறம்' என்றே கொடுத்துப் பழகிவிட்டோம். இன்னொரு ஜோடியும் இருக்கிறது: துறந்தார், துரத்தினார். சரித்திரக் கட்டுரையில் இந்த ஒரு எழுத்து ஒரு மனிதரின் வாழ்க்கையையே புரட்டிப் போட்டுவிடும். "அவர் அரியணையைத் துறந்தார்" என்று எழுதினால் முடிவு எடுத்தவர் அவர். "அவர் துரத்தப்பட்டார்" என்று எழுதினால் முடிவு எடுத்தவர் வேறு யாரோ. அந்த 'யாரோ' யார் என்பதுதான் சரித்திரப் பாடம் கேட்கும் கேள்வி.

துறந்தவருக்கு உதாரணம் தேடினால் எல்லாரும் சொல்வது இங்கிலாந்தின் எட்டாம் எட்வர்ட். 1936 ஜனவரியில் மன்னரானார். தான் விரும்பிய பெண்ணை மணக்க வேண்டும் என்பதற்காக, டிசம்பர் 10 அன்று தன் கையாலேயே துறவுப் பத்திரத்தில் ஒப்பமிட்டார். தனக்கும் தன் சந்ததிக்கும் இனி உரிமை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பிறகு வின்ட்சர் கோமகனாகப் பெரும்பாலும் பிரான்சில் வாழ்ந்து, 1972-ல் பாரிஸில் காலமானார். நெருக்கடி இருந்தது உண்மை. ஆனாலும் கையெழுத்து அவருடையது.

அதே 1936-ல் நம்ம சிலாங்கூரிலும் ஓர் இளவரசரின் உரிமை போனது. அவர் எதிலும் மனமுவந்து கையெழுத்துப் போட்டு விலகவில்லை. அவர் கதையைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

பெயர் தெங்கு மூசாடின். சுல்தான் சுலைமானின் மூத்த மகன். 1893-ல் கோலலங்காட் ஜுக்ராவில் பிறந்தவர். தாய் பட்டத்து ராணியான தெங்கு மஹாரும். அந்த அம்மையார் கெடா இளவரசர் தெங்கு கூடினின் மகள். கிள்ளான் போரைப் படித்தவர்களுக்கு கூடினைத் தெரிந்திருக்கும். ராஜா மஹ்டியோடு மோதியவர். ஆக, தந்தை வழியிலும் தாய் வழியிலும் மூசாடினின் பிறப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1920-ல் 'ராஜா மூடா', அதாவது பட்டத்து இளவரசர் ஆனார்.

பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த தியோடோர் சாமுவேல் ஆடம்ஸ் அவரைப் பதவியிலிருந்து அகற்ற வேண்டும் என்று வற்புறுத்தினார். சொல்லப்பட்ட காரணம், நடத்தை சரியில்லை. ரெசிடெண்ட் சொன்னபடி ஆடாததுதான் உண்மையான காரணம் என்று மலாய் மக்களில் பலர் நம்பினார்கள். மூசாடின் குறையே இல்லாதவர் என்று நான் வாதாட வரவில்லை. நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது, அதைத் தீர்மானித்தது யார் என்பதை.

பங்கோர் ஒப்பந்தத்தை (1874) நினைத்துப் பாருங்க. மலாய்ச் சமயமும் வழக்காறும் தவிர மற்ற எல்லாவற்றிலும் ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். அது பேராக்கில் போட்ட ஒப்பந்தம்தான். ஆனால் ரெசிடெண்ட் முறை அங்கிருந்து சிலாங்கூருக்கும் வந்தது. நம் மாணவர்கள் இந்த விதியை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். "சரி, அரசனுக்குப் பின் எந்த மகன் என்பது வழக்காறா, நிர்வாகமா?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். சிலாங்கூர் அரண்மனை அதற்குக் கண்ட பதில் இதுதான்: மூத்தவர் நீக்கப்பட்டார். அடுத்தவரான தெங்கு பாடார் ஷாவும் இல்லை. மூன்றாமவர் தெங்கு அலாம் ஷா 1936 ஜூலை 20 அன்று ராஜா மூடாவாக அறிவிக்கப்பட்டார். 'ஆலோசனை' என்ற சொல் நடைமுறையில் எவ்வளவு கனமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று சிலாங்கூர் சரித்திரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த ஜூலை மாதத்தில் லண்டனில் அரியணையில் இருந்தவர் யார் தெரியுமா? அதே எட்டாம் எட்வர்ட்!

தந்தை சும்மா இருக்கவில்லை. சுல்தான் சுலைமான் வயதான காலத்தில் மகனுக்காக லண்டனில் இருந்த குடியேற்ற நாடுகளின் அமைச்சர் வரைக்கும் மன்றாடினார். பலன் கிடைக்கவில்லை. ஒரு நாட்டின் சுல்தான், தன் வாரிசு யார் என்பதற்குக் கடல் கடந்து விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. 1938 மார்ச் 31 அன்று அவர் காலமானார். அலாம் ஷா, சுல்தான் ஹிசாமுடின் அலாம் ஷா என்ற பெயரில் ஆட்சிக்கு வந்தார்.

பிறகு ஜப்பான்காரன் காலம். 1942 ஜனவரியில் கோலாலம்பூர் வீழ்ந்த சில நாளிலேயே ஜப்பானிய இராணுவம் சுல்தான் ஹிசாமுடினை அழைத்து, அரச சின்னங்களை ஒப்படைக்க வைத்தது. தம்பியிடமிருந்து பறித்ததை அண்ணனிடம் கொடுத்தது. மூசாடின், சுல்தான் மூசா கியாதுடின் ரியாயாட் ஷா ஆனார். முடிசூட்டு 1943 நவம்பரில். ஹிசாமுடின் ஜப்பானியருக்கு வேலை செய்ய மறுத்தார், அவர்கள் கொடுக்க வந்த உதவித்தொகையையும் வேண்டாம் என்றார். அந்த உறுதியை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் இங்கேயும் 'துறந்தார்' பொருந்தாது. ஹிசாமுடினும் நீக்கப்பட்டவர்தான், நீக்கிய கை மட்டும் வேறு. பிரிட்டிஷ்காரர் ஒரு அண்ணனை இறக்கினார்கள், ஜப்பானியர் ஒரு தம்பியை இறக்கினார்கள். அண்ணன் தம்பி சண்டை என்று இதைச் சுருக்கி எழுதும் மாணவர், வெளியே நின்ற இரண்டு வல்லரசுகளையும் விட்டுவிடுகிறார்.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். ஹிசாமுடின் மீண்டும் அரியணை ஏறினார். தென்கிழக்காசிய நேசப்படைத் தளபதி மவுண்ட்பேட்டனின் உத்தரவின் பேரில் மூசாடின் கைது செய்யப்பட்டு, இந்தியப் பெருங்கடலில் உள்ள கோக்கோஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார்.

இந்தக் கைதைத் தனிச் சம்பவமாகப் பார்க்காதீங்க. அடுத்த மாதமே ஹெரால்டு மெக்மைக்கேல் மலாயன் யூனியனுக்காக சுல்தான்களிடம் கையெழுத்து வாங்க வந்துவிட்டார். போர்க்காலத்தில் எப்படி நடந்துகொண்டார் என்று பார்த்து, யாரை சுல்தானாக அங்கீகரிப்பது என்று முடிவு செய்யும் அதிகாரத்தோடு வந்தார். டிசம்பருக்குள் ஒன்பது சுல்தான்களும் கையெழுத்திட்டுவிட்டார்கள். "ஏன் அவ்வளவு வேகமாக ஒப்புக்கொண்டார்கள்?" என்ற வினாவுக்கு விடை எழுதும்போது, சில வாரங்களுக்கு முன் கிள்ளானிலிருந்து ஒருவர் தீவுக்கு அனுப்பப்பட்டதைச் சேர்த்து எழுதுங்க. அதற்கு எதிர்ப்பாக 1946 மார்ச்சில் மலாய்ச் சங்கங்கள் கூடிய இடம், கம்போங் பாருவில் இருந்த சுல்தான் சுலைமான் கிளப். மகனுக்காக மன்றாடித் தோற்ற அந்தத் தந்தையின் பெயர்!

தீவுக்கு அனுப்புவது பிரிட்டிஷாரின் பழைய வழக்கம். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூருக்கு அனுப்பினார்கள் (அது கோட்டை, தீவல்ல, ஆனால் திரும்ப முடியாத இடம்தான்). பேராக் சுல்தான் அப்துல்லாவை 1877-ல் செய்செல்ஸுக்கு அனுப்பினார்கள். கோக்கோஸில் ஒரு கூடுதல் வேடிக்கை. அங்கே கிளூனிஸ்-ராஸ் என்ற ஸ்காட்லாந்துக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தென்னந்தோட்டம் நடத்தி, 'கோக்கோஸ் ராஜா' என்று பெயர் வாங்கியிருந்தது. தோட்டத்தில் உழைத்தவர்கள் மலாய் வம்சாவளியினர். அரச வம்சத்தில் பிறந்த ஒரு மலாய்க்காரர், ஒரு தோட்ட முதலாளி ராஜா என்று அழைக்கப்பட்ட தீவில் கைதியாக இருந்தார்.

நாடுகடத்தல் அரண்மனைக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் தமிழ் மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். 1941-ல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, அதில் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் மே மாதம் கைதாகி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். சுல்தானின் மகனுக்கும் தொழிற்சங்கக்காரருக்கும் பொதுவாக ஒன்றுமே இல்லை, வெளியே அனுப்பிய ஆட்சியைத் தவிர.

மூசாடின் தீவில் கடுமையாக நோயுற்றார். 1955-ல் சிலாங்கூர் திரும்ப அனுமதி கிடைத்தது. சில மாதங்களே இருந்தார். நவம்பர் 8 அன்று காலமானார். அதே மாதம் 23-ஆம் தேதி பிரிட்டன் கோக்கோஸ் தீவை ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைத்தது. தம்பி ஹிசாமுடின் 1960 ஏப்ரலில் நாட்டின் இரண்டாவது மாமன்னராகி, செப்டம்பர் 1 அன்று மறைந்தார்.

வகுப்புக்கு ஒரு பயிற்சி. மலாயில் மூன்று தொடர்களைப் பலகையில் எழுதுங்க: 'துருன் தக்தா', 'டிலுச்சுட்கான்', 'டிபுவாங் நெகரி'. மாணவர்கள் சரித்திரத் தாளை மலாயில்தான் எழுதுகிறார்கள், அதனால் உதவும். ஒவ்வொன்றுக்கும் தமிழ் வினை கேளுங்க: முடி துறத்தல், பதவி பறிக்கப்படுதல், நாடுகடத்தப்படுதல். பிறகு எட்வர்ட், மூசாடின், ஹிசாமுடின், நாதன் நால்வரையும் பொருத்தச் சொல்லி, 'யாரால்' என்பதையும் சேர்த்து முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்க. செயப்பாட்டு வினையில் செயலைச் செய்தவர் எப்படி மறைந்துவிடுகிறார் என்ற இலக்கணமும் அங்கேயே நடந்துவிடும்.

கிள்ளானுக்கு மாணவர்களை அழைத்துப் போகிறவர்கள் லிட்டில் இந்தியாவோடு திரும்பிவிடாமல், சுல்தான் சுலைமான் பள்ளிவாசல் பக்கமும் போய் வாங்க. அங்குள்ள அரச கல்லறையில்தான் தந்தை சுலைமானும், மூத்தவர் மூசாடினும், மூன்றாமவர் ஹிசாமுடினும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். உள்ளே போக முன் அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.