பவுல் ஆட்டமும் பழவேற்காடும்

அமெரிக்காவுல காலேஜ் ஃபுட்பால் சீசன் முடிஞ்சதும் 'பவுல்' ஆட்டங்கள்னு தனியா நடக்கும். ரோஸ் பவுல், சுகர் பவுல், காட்டன் பவுல்னு ஏகப்பட்டது. (நம்ம ஃபுட்பால் இல்லீங்க. முட்டை மாதிரி பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுவாங்களே, அது!) ஆட்டத்துக்கு ஏன் கிண்ணம்னு பேரு? நூல் பிடிச்சுப் போனா நம்ம பழவேற்காட்டுல வந்து நிக்குது.

முதல் ஆட்டம் 1902 ஜனவரி 1, கலிஃபோர்னியாவின் பாசடீனாவில். மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்ட் 0. எட்டு நிமிஷம் பாக்கி இருக்கும்போதே ஸ்டான்ஃபோர்ட் 'ஆளை விடுங்கடா சாமி'ன்னு கையெடுத்துக் கும்பிட்டுடுச்சு. அப்புறம் சில வருஷம் ஃபுட்பாலுக்குப் பதிலா ரதப் போட்டி! 1916லதான் ஃபுட்பால் திரும்பி வந்தது. அப்பவும் 'பவுல்' கிடையாது. 1922ல கட்டின மைதானத்துக்கு ரோஸ் பவுல்னு பேர் வெச்சாங்க, அது ஆட்டத்துக்கும் ஒட்டிக்கிச்சு. அந்த மைதானத்துக்கு மாடல், 1914ல யேல் பல்கலைக்கழகம் கட்டின யேல் பவுல்.

யேல் யாரு? எலைஹு யேல், 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டை கவர்னர். மெட்ராஸ்ல சேர்த்த சொத்து. 1718ல ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் கொடுத்தார். சரக்கு சுமார் 560 பவுண்டுக்கு வித்தது. கல்லூரிக்கு அவர் பேரு!

சரி, ஆங்கிலேயர்கள் ஏன் மெட்ராஸ் வந்தாங்க? பழவேற்காட்டுல 1613லயே டச்சுக்காரங்க கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்துட்டாங்க. அங்க காலூன்ற முடியாம, ஏரிக்கு வடக்கே ஆர்மகானுக்கு 1626ல போனாங்க. அதுவும் சரிப்படலை. 1639ல பிரான்சிஸ் டே மெட்ராஸைப் பிடிச்சார்.

பழவேற்காட்டிலேர்ந்து துணி மட்டும் போகலை. மனுஷங்களையும் அடிமைகளாக் கப்பலேத்தி பத்தேவியாவுக்கு அனுப்பினாங்க. பஞ்சத்துல விக்கப்பட்டவங்களும் அதுல உண்டு. யேல் காலத்துல புனித ஜார்ஜ் கோட்டையிலேர்ந்தும் அடிமைக் கப்பல் போச்சு. அடிமைமுறையோட தனக்கு இருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில மன்னிப்பு கேட்டுச்சு. கேட்க 300 வருஷத்துக்கு மேல ஆயிருக்கு.

பழவேற்காடு கல்லறைத் தோட்டத்துல டச்சுக்காரங்க பேரெல்லாம் கல்லுல அழகா இருக்கு. கப்பலேறினவங்க பேர் இருக்குற கல்லு ஒண்ணையும் நான் பார்த்ததில்லை. அடுத்த தடவை கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனா, நண்டு வறுவலோட திரும்பிடாம கடலைப் பார்த்து ஒரு நிமிஷம் அவங்களையும் நினைச்சுக்குங்க மக்களே.